அலை அப்படி மின்னாது

ஏழு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. இடம், இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரைக்குப் பல நாள் பயணம். கும்பகோணத்துக்குக் கிழக்கே, குத்தாலத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

என் கணவர் சரக்குக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் அதிகாரி. அந்த நிலையில் இருப்பவர்கள் மனைவியையும் கூட அழைத்துப் போகலாம். பையன் கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்த வருடம், "இவ்ளோ நாள் நீ வயலையும் வீட்டையும் பாத்தது போதும். அப்பா பாத்துக்குவாங்க. வா, உலகத்தச் சுத்திட்டு வரலாம்" என்றார். மாமனாரும் போய்வா என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் நான் பார்த்த கடல் வேளாங்கண்ணிக் கடல் ஒன்றுதான். அதிலும் முழங்கால் ஆழத்துக்கு மேல் போனதில்லை.

போன பிறகு பார்த்ததெல்லாம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சூயஸ் கால்வாயில் இரண்டு பக்கமும் மணல். நடுவே வாய்க்காலில் தோணி போவதுபோல அவ்வளவு பெரிய கப்பல் போயிற்று. நார்வே பக்கம் நாங்கள் இரவுச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவி வைத்த பிறகும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிரேசிலில் ஒரு சந்தையில் நம் ஊர் மரவள்ளிக் கிழங்கைக் குவித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது சொந்தக் கிழங்காம். நம் ஊருக்கே அங்கிருந்துதான் வந்ததாம். நான் ஒரு கிழங்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து இவர் சிரித்தார்.

ஆனால் கடலுக்குத்தான் நான் கடைசி வரை பழகவில்லை. எங்கள் ஊரிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். ஆனாலும் பார்வை போய் முட்ட ஒரு தென்னந்தோப்போ கோபுரமோ இருக்கும். கடலில் அப்படி ஒன்றுமே இல்லை. நாள்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நாம் இருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாலைப் பொழுதில் கப்பலை ஓட்டும் பொறுப்பு இவருடையது. கப்பலின் உச்சியில், சுற்றிலும் கண்ணாடி போட்ட அறையில் இருப்பார். தினமும் இவருக்கு டீ எடுத்துக்கொண்டு போய், அந்த அறைக்கு வெளியே கைப்பிடியைப் பிடித்தபடி நான் நிற்பது வழக்கம். அன்றும் அப்படித்தான் நின்றேன். வெயில் சாய்ந்து கடல் முழுக்கத் தகதகத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் வெகு தூரத்தில் ஏதோ ஒன்று பளிச்சென்று மின்னி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு முறை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பைனாகுலரில் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கூட இருந்த பிலிப்பைன்ஸ் மாலுமியும் பார்த்தார். ரேடாரிலும் எதுவும் இல்லை.

"வெயில் பட்டு அலை மின்னுது, அவ்ளோதான்" என்றார் இவர்.

"இல்லைங்க. அலை அப்படி மின்னாது" என்றேன்.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்றால், எங்கள் பக்கம் கதிர் பால் பிடிக்கும்போது குருவி இறங்காமலிருக்க வயலின் குறுக்கே பளபளப்பான நாடா கட்டுவோம். வயல் தண்ணீரும் வெயிலில் மின்னும், நாடாவும் மின்னும். தண்ணீர் மின்னினால் பரவும், நெளியும். நாடா அப்படியில்லை, வெட்டும், அணையும், மறுபடி அதே இடத்தில் வெட்டும். வரப்பில் நின்று ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

இவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அவ்வளவு பெரிய கப்பலைத் திருப்புவது பஸ்ஸைத் திருப்புவது மாதிரி இல்லை. ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கப்பலைத் திருப்பியவன் என்ற பெயர் இவருக்கு எந்தக் கப்பலுக்குப் போனாலும் கூடவே வரும். எனக்கு அது தெரியும். இவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனை எடுத்துக் கேப்டனைக் கூப்பிட்டார்.

கேப்டன் வடக்கத்திக்காரர், அதிகம் பேசாதவர். வந்ததும் என்னிடமே நேராகக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வயல், குருவி, நாடா என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கப்பலைத் திருப்பச் சொன்னார். பொழுது இறங்கும் வரை தேடுவோம், அதற்குள் ஒன்றும் தெரியாவிட்டால் நம் வழியில் போவோம் என்றார்.

கப்பல் திரும்பியது. ஆள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று தேடினார்கள். கடல் வெறுமையாகக் கிடந்தது. சூரியன் இறங்க இறங்க, நான் பார்த்தது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் உடைந்துவிடுவேன் என்று தெரிந்திருக்கும். அப்போதுதான் கப்பலின் முன்பக்கம் நின்ற மாலுமி கையை நீட்டிக் கத்தினார். இரண்டு அலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று எழும்பி மறைந்தது.

கூரை போட்ட ஒரு ரப்பர் தெப்பம் அது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஒரு வெள்ளைக்கார ஐயா. இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். வெயிலிலும் உப்பிலும் தோல் உரிந்து, உதடு வெடித்து, பார்க்கவே முடியவில்லை. அந்த அம்மாள் கையில் ஒரு பிஸ்கட் டின் மூடி. மின்னியது அதுதான்.

கப்பலைத் தெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கயிறு வீசினார்கள். இரண்டு மாலுமிகள் கயிற்றேணியில் இறங்கி நின்றபடி, அந்த அம்மாளின் இடுப்பில் பட்டை கட்டித் தூக்கினார்கள். அவர் மேலே வந்து சேர்ந்த நேரத்தில் பெரிய அலை ஒன்று அடித்து, தெப்பத்தைப் பிடித்திருந்த கயிறு அறுந்துபோயிற்று. ஐயாவோடு தெப்பம் விலகிப் போக ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய கப்பலை நின்ற இடத்திலேயே திருப்ப முடியாது. பெரிய வட்டம் அடித்துத்தான் திரும்பி வரவேண்டும். வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது.

அந்த அம்மாள் அழவில்லை, கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றார். என் விரல் எலும்பு வலிக்கும் அளவுக்கு இறுகப் பிடித்திருந்தார். எனக்கு ஆங்கிலமெல்லாம் மறந்துபோய்விட்டது. "வந்துடுவாங்கம்மா, வந்துடுவாங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார்.

கப்பல் வட்டமடித்து வந்தது. இந்த முறை கயிறு அறவில்லை. ஐயாவும் மேலே வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல், பக்கத்தில் பக்கத்தில் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தும், ஒன்றைக் கீழே வைத்துவிட்டு மற்றதை இருவரும் பங்கிட்டுக் குடித்தார்கள். ஐயா ஒரு மடக்கு குடித்துவிட்டு, டம்ளரின் வெளியே விரலை வைத்து அளவு பார்த்து அந்த அம்மாளிடம் கொடுத்தார். அவரும் அதேபோல விரல் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, வேண்டிய மட்டும் குடியுங்கள் என்று கேப்டன் சொன்னார். தலையாட்டிவிட்டு மறுபடியும் விரல் வைத்தார்கள். 

அரிசியை நொய்யாக உடைத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் பேசத் தெம்பு வந்தது. அவர்கள் பேசியதில் எனக்குப் புரியாததை இவர் தமிழில் சொன்னார். நியூசிலாந்துக்காரர்கள். ஐயா தச்சு வேலை செய்தவர். சொந்த வீட்டுக் கொல்லையிலேயே பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேருமாக உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். பல வருடம் அந்தப் படகுதான் வீடு. ஒரு விடியற்காலையில் எதன் மீதோ மோதி அடியில் ஓட்டை விழுந்தது. தெப்பத்தை இறக்கவும் ஒரு பையை எடுக்கவும்தான் நேரம் இருந்தது. அபாயச் செய்தி அனுப்பும் கருவி படகோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தெப்பத்திலேயே கிடந்தார்கள்; அவர்களைக் கடந்து போன கப்பல்கள் உண்டு. யாரும் பார்க்கவில்லை.

அத்தனை நாள் அந்தத் தெப்பத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

மறுபடியும் உலகம் சுற்றினோம் என்றார் அந்த அம்மாள். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். வீட்டிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து, போன ஊர்களை ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு வந்தார்களாம். எந்தத் துறைமுகம், அங்கே என்ன சாப்பிட்டோம், எந்தத் தீவில் நாய் துரத்தியது, எங்கே சண்டை போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தோம் என்று. ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஊரை முடிக்காமல் அடுத்த ஊருக்குப் போகக் கூடாது. நாக்கு வறண்டு பேச்சு வராதபோது ஐயா அந்த அம்மாளின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாராம். எங்கள் கப்பல் வந்தபோது பேச்சில் இந்தோனேசியா வரைக்கும்தான் வந்து சேர்ந்திருந்தார்களாம். இன்னும் கொஞ்சம் ஊர் பாக்கி இருந்தது என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் முகவரியை எழுதிக் கொடுத்து, துறைமுகத்தில் அவர்களை இறக்கிவிட்டோம். நானும் ஊருக்கு வந்தேன். வந்தவள், இனி கப்பலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணை மூடினால் அந்த அறுந்த கயிறும், விலகிப் போகும் தெப்பமும்தான். இவரையும் வேலையை விடச் சொல்லிக் கெஞ்சினேன். வேறு வேலை தெரியாது என்றார். தனியாகப் போய் வந்துகொண்டிருந்தார். நடுவில் கொரோனா வந்தது. எந்த நாட்டிலும் கப்பல்காரர்களை இறங்க விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் மாதக்கணக்கில் இவர் கப்பலிலேயே கிடந்தார். நான் இங்கே நாற்று விட்டேன், நடவு பார்த்தேன், அறுவடை பார்த்தேன். போனில் சிக்னல் வந்தால் பேசுவோம். "சாப்டீங்களா", "ம்ம், நீ?" அதற்கு மேல் ஒன்றும் வராது.

கொரோனா ஓய்ந்த பிறகு ஒரு தை மாதம், இவர் விடுமுறையில் வந்திருந்தார். வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த நேரம், முதுகில் பையோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பதாக ஆள் வந்து சொன்னார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் அவர்கள்தான். தோலெல்லாம் ஆறி, சதை பிடித்து, அடையாளமே தெரியவில்லை. கொச்சித் துறைமுகத்தில் படகை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். பழைய படகு ஒன்றை வாங்கிச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கிளம்பிவிட்டார்களாம்.

என்னால் நம்பவே முடியவில்லை. அவ்வளவு பட்ட பிறகும் அந்தக் கடலுக்குப் போக எப்படி மனம் வந்தது? அன்று சமையலறையில் அந்த அம்மாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

தப்பித்ததும் ஊருக்குத்தான் போனார்களாம். மகள் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு குறையும் இல்லை. ஐயாவுக்கு ஒரு அறை, அம்மாளுக்கு ஒரு அறை. ஐயா டிவி பார்ப்பார், அம்மாள் தோட்டத்தைப் பார்ப்பார். ஒருநாள் சாயங்காலம் யோசித்துப் பார்த்தால், காலையிலிருந்து கணவருடைய குரலையே கேட்கவில்லை என்று தோன்றியதாம்.

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "எனக்குக் கடல் மேல ஒண்ணும் ஆசை இல்ல. இப்பவும் பயம்தான். ஆனா கடல்ல இருந்தா அவர் என்கிட்ட பேசறார்."

சொல்லிவிட்டு அவரைக்காயை உரிக்க ஆரம்பித்துவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. எனக்குத்தான் கை ஓடவில்லை. கொல்லையில் என் கணவரும் அந்த ஐயாவும் வைக்கோலைக் காட்டி எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்து வரும்போது, "அடுத்த தடவ நானும் வரேங்க" என்றேன்.

இவர் நின்றுவிட்டார். "பயம் போயிடுச்சா?"

"இல்ல."

"அப்பறம்?"

"பரவால்ல, வரேன்."

இவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். வீடு வந்து சேரும் வரை, தான் கொரோனா சமயத்தில் கப்பலில் தனியாக இருந்ததைப் பற்றி, அதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாததை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் வைகாசியில் உளுந்தெல்லாம் விற்று முடித்துவிட்டு இவரோடு கப்பல் ஏறினேன். அதன்பின் சிலி வரைக்கும் போய்விட்டோம். காற்று அடித்துக் கப்பல் ஆடும்போது இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. ஆனாலும் பத்திரமாக வீட்டில் தனியாக இருந்த வருடங்களைவிட, இவர் பக்கத்தில் நின்று பயந்துகொண்டிருக்கிற இந்த நாட்களைத்தான் நான் வாழ்ந்த நாட்களாக எண்ணுகிறேன்.