தாழ்ப்பாள் அக்காவும் மச்சான் யுத்தமும்

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் வாசல் காவல்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். எல்லோருக்கும் அவள் தாழ்ப்பாள் அக்கா.

பெயர் வந்த கதை ரத்தக்கறை படிந்தது. ஒரு மதிய இடைவேளையில், சைக்கிள் சங்கிலிகளைச் சுழற்றிக்கொண்டு வெளியிலிருந்து ஒரு கும்பல் பள்ளிக்குள் புக வந்தது. அக்கா ஓடிப்போய் இரும்புக் கதவைச் சாத்தினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. தாழ்ப்பாள் நுழையும் வளையங்களுக்குள் தன் இடது முன்கையைச் செருகிக்கொண்டு நின்றாள். கும்பல் இடித்த இடியில், எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் தானாகவே கொடியிலிருந்து இறங்கி உள்ளே ஓடிவிட்டதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் அந்த வீட்டுக்காரி பொய் சொல்லும் ரகமில்லை. எலும்பு முறிந்தது. கதவு திறக்கவில்லை. கை கோணலாகவே ஒட்டிக்கொண்டது. குடை மாட்டிக்கொள்ள இப்போதுதான் வசதி என்பாள் அக்கா.

பள்ளிக்கூடமும் லேசுப்பட்டதல்ல. துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்தாலும், எந்த நாட்டில் சண்டை மூண்டாலும், அதில் தப்பிய பிள்ளைகளில் நாலு பேராவது எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வகுப்பில் பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆசிரியருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பாதி; மற்ற மொழிகளெல்லாம் சேர்ந்து மறுபாதி. பேச்சு ஆளுக்கொரு மாதிரி. அடி மட்டும் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி விழும்.

அக்காவின் வீடும் அப்படித்தான். அவள் தமிழ். குப்பை லாரி ஓட்டும் அவள் புருஷன் வேறு மொழிக்காரன். இருவரும் அவரவர் மொழியில்தான் சண்டை போடுவார்கள். வசவு பாதிதான் புரியும் என்பதால் குடித்தனம் நிலைத்தது. எப்போதாவது தட்டு பறக்கும். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு இரண்டு மொழியும் தெரியும், அதனால் முதலில் குனிபவள் அவள்தான்.

இவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் ஓர் அண்ணனும் தங்கையும் தாயோடு வந்து குடியேறினார்கள். அண்ணன் ஏணி மாதிரி உயரம். பெயரும் ஏணி என்றே ஆகிவிட்டது. தமிழ் ஒரு சொல் தெரியாது. அக்கா அவர்களை மாடிப்படியில் உட்காரவைத்து, விரல்விட்டு உறவுமுறை சொல்லிக்கொடுத்தாள். நான் அக்கா. அவர் மாமா. உன் தங்கச்சிய எவன் கட்டிக்கிறானோ அவன் உனக்கு மச்சான், நீ அவனுக்கு மச்சான். ஏணி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பத்திரமாக மனசில் பூட்டிக்கொண்டான். தங்கை அவ்வளவு மெனக்கெடவில்லை. அவள் பள்ளியில் பெண்களோடு வாயடித்தே தமிழ் கற்றுக்கொண்டாள்.

முதல் யுத்தம் சாப்பாட்டுக் கூடத்தில் மூண்டது. வரிசையில் ஏணிக்குப் பின்னால் தங்கை. அவளுக்குப் பின்னால் வாயன். வாயன் தமிழ்ப் பையன். வாய் மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிற ஜாதி. கண்டவனையெல்லாம் மச்சான் என்பான். கணக்கு வாத்தியாரையே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டு, பெஞ்சின்மேல் நின்றிருக்கிறான். அவன் எட்டிப் பார்த்து, "மச்சான், கொஞ்சம் நகரேன்" என்றான்.

ஏணி திரும்பினான். தங்கையைப் பார்த்தான். வாயனைப் பார்த்தான். கையிலிருந்த தட்டு வாயனின் முகத்தில் இறங்கியது.

முன்பல் ஒன்று சூப் அண்டாவுக்குள் விழுந்தது. தமிழ்ப் பையன்கள் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பெஞ்சுக் கால்கள் கழன்று ஆயுதமாயின. ஒருவனின் காதை இன்னொருவன் கடித்துத் தொங்கினான். தண்ணீர்க் குழாய் உடைந்து ரத்தத்தையும் சூப்பையும் கலந்து ஓடவிட்டது. அறிவியல் ஆசிரியர் அலமாரிமேல் ஏறிக்கொண்டு, அங்கிருந்தே எல்லோரையும் கண்டித்தார். இதில் வினை என்னவென்றால், தமிழ்ப் பையன்கள் அடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டார்கள். மச்சான் பின்னாடி பாரு. விடாத மச்சான். மச்சான் குனி. ஒவ்வொரு மச்சானுக்கும் ஏணியின் கைக்கு இன்னொரு ஆள் பலம் வந்தது. கடைசியில் அவன் ஒரு முழு பெஞ்சைத் தலைக்குமேல் தூக்கி நின்றபோதுதான் அக்கா கோணல் கையால் அவன் கழுத்தை வளைத்துக் கீழே சாய்த்தாள்.

ஏன் அடித்தான் என்று ஏணி சொல்லவில்லை. மானம் போகிற விஷயத்தைச் சபையில் சொல்வானா? ஏன் அடிவாங்கினேன் என்று வாயனுக்கும் தெரியவில்லை.

தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கல்வி அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார். இனி ஒரு சண்டை நடந்தால் பள்ளியை இரண்டாக வெட்டப்போகிறார்கள். காலையில் தமிழ்ப் பிள்ளைகள், மதியம் மற்றவர்கள். அக்கா அதை வீட்டில் சொன்னாள். மகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் எப்பம்மா போகணும்? காலையிலயா, மதியமா?"

தகப்பன் ஒரு பதில் சொன்னான், தாய் ஒரு பதில் சொன்னாள். அன்றைக்கு இரண்டு தட்டு பறந்தது. மகள் குனியவில்லை. ஒன்று அவள் நெற்றியில் பட்டு, புருவத்தின்மேல் ரத்தம் கசிந்தது. அதைத் துடைக்கும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. பிள்ளையைக்கூட வெட்டித்தான் அனுப்பவேண்டும் போலிருக்கிறதே.

வெள்ளிக்கிழமை அக்கா கதவோடு கதவாக நின்றாள். நகவெட்டியைக்கூட உள்ளே விடவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும், வாயனுக்கு நல்ல புத்தி வராமல் இருந்திருந்தால். பொக்கைவாயோடு அவன் சமாதானம் பேசப் புறப்பட்டான். வாசலருகே ஏணியை மறித்து, கையை நீட்டி, நெஞ்சைத் தொட்டுச் சொன்னான்:

"மச்சான், மன்னிச்சுக்கோ. மனசுல வச்சுக்காத மச்சான்."

ஏணியின் முஷ்டி வாயனின் மூக்கை உடைத்த சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. அடுத்த கணம் முற்றம் முழுக்கக் கைகலப்பு. செங்கல் பறந்தது. ஒரு பெண் காலணியைக் கழற்றி ஒருவன் மண்டையைப் பிளந்தாள். அக்கா பெரிய கதவைச் சாத்திச் சங்கிலியால் கட்டினாள்; வெளியே அதிகாரியின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் திறக்கவில்லை. ஏணி புத்தகப் பையைச் சுழற்றி வாயன்மேல் இறக்கப்போன நேரம் குறுக்கே பாய்ந்தாள். அடி பழைய கோணல் கையில் விழுந்தது. எலும்பு மறுபடி முறிந்தது.

அக்கா விழுந்ததைப் பார்த்து ஏணி பையைக் கீழே போட்டான். பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்த தமிழெல்லாம் அப்போதுதான் வெளியே கொட்டியது.

"அக்கா, நீ சொன்ன. தங்கச்சி கட்டினா மச்சான். இவன் கட்டினான்? அவன் கட்டினான்? எல்லாம் மச்சான். என் தங்கச்சி ஒருத்திதான அக்கா."

அக்கா நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பாவி, நான்தான்டா சொல்லிக்குடுத்தேன். சொன்னது சரிதான்டா. ஆனா இந்தக் கழுதைங்க சும்மாவே ஒருத்தன ஒருத்தன் அப்படிக் கூப்பிடுவாங்கன்னு சொல்ல மறந்துட்டேன். டேய் வாயா, உனக்கு மச்சான் எத்தன பேரு?"

வாயன் மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "ஸ்கூல் பூரா க்கா."

"கூடப் பொறந்தவ?"

"ஒருத்தியும் இல்ல க்கா."

அப்போது தங்கை வந்தாள். அண்ணன் தனக்காக நடத்திய இரண்டு யுத்தத்திலும் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற ஆத்திரம் முகத்தில் தெரிந்தது. எம்பி ஒரு அறை விட்டாள். அன்று விழுந்த அடிகளிலேயே அதுதான் பெரிது. கூரையிலிருந்த புறாக்கள் அடுத்த பள்ளிக்கே குடிமாறிவிட்டன.

"நானே அக்கா பொண்ண மச்சின்னுதான் கூப்பிடுறேன். வா, போய் அவளையும் அடி."

தலைமையாசிரியை ஓடிவந்து கதவைத் திறந்தார். அதிகாரி உள்ளே வந்து ரத்தத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை வாயைத் திறப்பதற்குள், தமிழ்ப் பிள்ளைகள் இந்தப்பக்கம், மற்றவர்கள் அந்தப்பக்கம் நிற்கவேண்டும், இப்போதே பிரித்துவிடலாம் என்றார். பிள்ளைகள் நகர்ந்தார்கள். ஏணி மற்றவர்கள் பக்கம் போகவில்லை. கையை எடுத்தால் வாயனின் மூக்கு ஒழுகும் என்பதால், தன் சட்டை நுனியால் அதை அழுத்திப் பிடித்தபடி தமிழ் வரிசையில் நின்றான். புருவத்தில் பிளாஸ்திரியோடு அக்காவின் மகள் நட்டநடுவில் நின்றாள். ஏணியின் தங்கை அவள் கையைக் கோத்துக்கொண்டாள்.

நீ எந்தப் பக்கம் என்று அதிகாரி ஏணியை அதட்டினார்.

"இவன் என் மச்சான்" என்றான் ஏணி.

அதிகாரி தமிழர். மூக்குடைந்தவனையும் உடைத்தவனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது குடும்பத் தகராறு, இலாகா தலையிடாது என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார். பள்ளி வெட்டுப்படவில்லை. மாறாக ஒரு புதுத் தாழ்ப்பாள் வந்தது. அக்கா அதை நம்புவதில்லை. இரண்டாம் முறை ஒட்டிய கை இப்போது வளையத்துக்கு இன்னும் வாகாக வளைந்திருக்கிறது என்கிறாள்.

ஏணிக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அடுத்த வருடம் அதிகாரி தம் தங்கையைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்க்க அழைத்துவந்தபோது, வாசலில் அவன்தான் முதலில் கைகூப்பினான்.

"வாங்க மச்சான்."

அதிகாரி தங்கையைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். சட்டைக் கையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். அக்கா பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்தப் போனாள்.