நிலா வேலைக்கு வராத மூன்று வாரம்

கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று மாவட்டங்கள் படுத்துக் கிடக்கின்றன. ஆனாலும் கடல் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று தினமும் பத்து மணிக்கு வந்து பதிவு செய்வதுதான் எங்கள் தொழில்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரஹீம் பாயின் பாத்திரக்கடை. மாடியில் அவருடைய தகவல் பதிவு மையம். அரசுத் துறை ஒன்று, துறைமுகங்களில் மணிக்கு மணி கடல்மட்டம் பார்த்துக் கையால் எழுதிவைத்த பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து அனுப்பும். அதை ஏரியூரிலிருந்து பஸ் ஏறி வரும் மாதம்மாள் டைப் அடிப்பாள். நான் சரிபார்ப்பேன். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண்ணெரியும் ஜீவன்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. இரண்டு தொகுப்புகள் பிழை என்று திரும்பி வந்தால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். மாதம்மாளுக்கு வீட்டில் இன்னொரு ஒப்பந்தம். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சு கிடையாது; போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவள் கவலை எல்லாம் அந்த இரண்டாவது ஒப்பந்தத்தைப் பற்றித்தான்.

மீன்கார அண்ணனின் கேள்வி

எங்கள் படிக்கட்டுக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை மீன் விற்கும் அண்ணனுக்கு, மாடியில் கடல் சமாச்சாரம் ஓடுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் போதும், அடுத்த வாரம் மத்தி வருமா, வஞ்சிரம் விலை இறங்குமா என்று ஆரம்பித்துவிடுவார்.

எங்களிடம் இருப்பதெல்லாம் இருபது முப்பது வருஷத்துப் பழைய கடல் என்று ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். அவர் ஐஸ் கட்டியை உடைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“பரவால்லங்க, அப்ப இருந்த மீனெல்லாம் இப்ப எங்க போச்சுன்னாவது பாத்துச் சொல்லுங்க.”

பட்டியலில் இல்லாத மாவட்டம்

துறையின் மென்பொருளில் நுழைய வேண்டுமானால் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பதெல்லாம் கடலோர மாவட்டங்கள். தர்மபுரி இல்லை. காலியாக விட்டால் உள்ளே விடாது. இரண்டு நாள் மன்றாடிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கடலூர் என்று போட்டோம். அன்று முதல் அரசாங்கத்தின் கண்ணுக்கு நாங்கள் கடற்கரையில் குடியிருப்பவர்கள்.

அதன் பலன் அடுத்த புயலில் தெரிந்தது. பதிவு மைய ஊழியர்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்களா, கட்டடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று சென்னையிலிருந்து பதறிப்போய் விசாரித்தார்கள். போனை எடுத்தவர் ரஹீம் பாய். அப்போது எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

“இன்னும் வரலைங்க சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வுட முடியுமா?”

மாதம்மாள் கடலைத் திருத்தினாள்

ஒரு துறைமுகத்தின் மூன்று வாரப் பதிவேடு வந்தது. மாதம்மாள் அடித்துக் கொடுத்ததைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு எண்கூடத் துள்ளவில்லை. கடல்மட்டம் ஆடாமல் அசையாமல், நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி நேர்கோட்டில் போனது. என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்டேன். அந்தத் துறைமுகத்து ஊழியர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார், தண்ணீர் ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கியதாகப் போட்டிருக்கிறார், மழையே இல்லாமல் அது எப்படி ஏறும், அதனால் ஏறி இறங்கியதை எல்லாம் சமன்செய்துவிட்டேன் என்றாள். அவள் பார்த்த தண்ணீர் எல்லாம் மழைக்கு ஏறி, வெயிலுக்கு இறங்கும் ஏரித் தண்ணீர்தான்.

நானாவது தடுத்திருக்க வேண்டும். நான் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மணி நேரம் கடல் பார்த்தவள். அந்த ஒரு மணி நேரத்தில் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவளைப் பாராட்டி, டீ வாங்கிக் கொடுத்து, தொகுப்பை அனுப்பிவைத்தேன். மறுநாளே அது திரும்பி வந்தது. பின்னாலேயே துறையின் விஞ்ஞானி அம்மா போன் செய்தார். திட்டவில்லை. நிலா இழுப்பதால் கடல் தினமும் இரண்டு முறை பொங்கி வடியும் என்பதைச் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“உங்க பதிவப் பாத்தா மூணு வாரமா நிலா வேலைக்கே வரலைங்க.”

ஏரியூர் பஸ்ஸும் ஏறுகிற கடலும்

இன்னும் ஒரு முறை திரும்பினால் கதை முடிந்தது. மாதம்மாள் முதலிலிருந்து அடித்தாள். அந்த மூன்று வாரத்தோடு அடுத்த இரண்டு மாதத்தையும் அடித்தாள். நானும் எண் எண்ணாக ஒப்பிட்டேன். அனுப்பும் நேரத்தில் அவள், ஒரு வாரம் மட்டும் பொய் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் கடலைத் திருத்தப் போகிறாயா என்று கத்தியே விட்டேன்.

அவள் திருத்தவில்லை. எண்களை அப்படியே விட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தில் சந்தேகம் என்று மட்டும் எழுதியிருந்தாள். கடல் பொங்குகிற நேரம், எங்கள் ஏரியூர் பஸ் மாதிரி, தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிக்கொண்டே வருகிறது. இந்த ஒரு வாரம் மட்டும் அதற்கு முந்தின வாரத்து நேரத்துக்கே திரும்பியிருக்கிறது. எண்களும் முந்தின வாரத்து எண்களே என்று விரல் வைத்துக் காட்டினாள். ரஹீம் பாய் தலையைச் சொறிந்தார். அரசாங்கப் பதிவேட்டைத் தப்பு என்றால் நம்மைத்தான் தப்பு என்பார்கள், அந்தக் குறிப்பை அழித்துவிடலாம் என்றார். எனக்கும் அதே பயம். மாதம்மாள் மட்டும் அசையவில்லை. வேலை போனால் எங்களைவிட அதிகம் இழக்கப்போவது அவள்தான் என்பதால், அவள் பேச்சுக்கே விட்டு அனுப்பினோம்.

நான்கு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் விஞ்ஞானி அம்மா கூப்பிட்டார். அந்த வாரம் ஏன் எதனோடும் ஒட்டவில்லை என்று அவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்த நாள் முதலே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். ஓய்வுபெற்ற அந்தத் துறைமுக ஊழியரைத் தேடிப் பிடித்துக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாராம். அந்த வாரம் அவர் மகள் கல்யாணம். பந்தலுக்கு ஓடுவாரா, கடலைப் பார்ப்பாரா? முந்தின வாரத்தை அப்படியே பார்த்து எழுதிவிட்டார். தொகுப்பு தேறியது. அடுத்த மூன்று துறைமுகங்களும் எங்களுக்கே என்றார்.

நான் மாதம்மாளைக் கட்டிக்கொண்டேன். அழுகையும் வந்தது. அவள் நிதானமாகப் பையை எடுத்து மாட்டினாள்.

“பாத்தீங்களாக்கா, கல்யாணம்னு வந்தா கடலே ஒரு வாரம் நின்னு போயிருது. இத இன்னைக்கே எங்க வூட்ல சொல்லிடறேன்.”

இப்போது மூன்று துறைமுகங்களின் பொங்குதலும் வடிதலும் எங்களுக்கு மனப்பாடம், ஏரியூர் பஸ் எப்போது வரும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.