யூசேபியோவின் மூக்கு

வண்டியைப் புகைச் சோதனை உருளைமேல் ஏற்றுவதற்கு முன் யூசேபியோ அதன் பின்னால் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, புகைக்குழாயை மோந்து பார்ப்பார். "அழுகின முட்டை நாத்தம். கன்வெர்ட்டர் கெட்டிருக்கு, பாருங்க" என்பார். அதற்குப் பிறகுதான் சோதனை இயந்திரம். அதுவும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும்.

எல் மோன்டேயில் அவருடைய புகைச் சோதனைக் கொட்டகைக்கு அடுத்த கதவு, நான் வேலை பார்க்கும் சலவைக்கூடம். ஞாயிறு பூசையில் எனக்கு முன் பெஞ்சு அவருடையது. மெழுகுவத்தி அணைந்தால் அங்கேயும் மூக்குதான் முதலில் திரும்பும்.

சின்ன வயதில் வடக்கே நிற்கும் மலையை வாரக்கணக்காகப் பார்த்ததில்லையாம். "காத்து மஞ்சளா நிக்கும். எங்கண்ணன் கண்ணைக் கசக்கிக்கிட்டே, 'மலையக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்கடா'ம்பான்." பிறகுதான் கார்களுக்கு அடியில் புகையைச் சுத்தம் செய்யும் இந்தக் கன்வெர்ட்டர் என்ற தகரப் பெட்டி வந்தது. அப்புறம் உணர்கருவி, கணினி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. இப்போது புது வண்டியின் பின்னால் நின்றால் வாசனையே இல்லை. "என் மூக்குக்கு வேலை போச்சு" என்று சிரிப்பார்.

அண்ணன் ரெமிஹியோ இறந்து ஆறு வருஷம். அவருடைய எழுபத்தேழாம் வருஷத்துப் பழுப்புக் கார் அன்றிலிருந்து கொட்டகைக்குப் பின்னால் நின்றது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் கன்வெர்ட்டர் பாழாகும் என்று, அந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் ஊற்றும் வாயைக் குறுக்கி வைத்திருந்தார்கள். ஈயப் பெட்ரோல் குழாயின் தடித்த முனை அதில் நுழையாது. ஆனால் ஈயப் பெட்ரோல் மலிவு. ரெமிஹியோ சுத்தியலால் அடித்து வாயை அகலமாக்கிவிட்டார். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். சீக்கிரமே கன்வெர்ட்டர் செத்தது.

இப்போது ரெமிஹியோவின் மகள் மரிசேலாவுக்குக் கல்யாணம். அப்பா காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று நின்றாள். சோதனையில் தேறாத கார் தெருவில் இறங்க முடியாது. யூசேபியோ புதுக் கன்வெர்ட்டர் வைத்தார். புகை சுத்தமாக வந்தது. மிச்சம் அந்த வாய் ஒன்றுதான். அது அகன்றிருந்தால் தேறாது; அதையும் பார்த்தே தேறியதற்கான தாள் கொடுக்கவேண்டும்.

அண்ணி சாயோ இடுப்பில் கைவைத்து நின்றாள். "கொழுந்தனாரே, அதுக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா? பாஸுன்னு அழுத்திடுங்க."

"நான் பாத்துட்டேனே, அண்ணி."

"அப்ப வெட்டிட்டுப் புதுசு வைங்க! ஒரு வாரமா சாமி முன்னாடி நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க."

"அண்ணன் அடிச்ச அடி அண்ணி, அது. பதினோரு அடி. குழாயைப் புடிச்சுக்கிட்டிருந்தது நானு." குரல் தாழ்ந்தது. "அந்தப் பெட்ரோலு விஷம்தான். தெரியும். ஆனா அவன் வீட்டுக்குள்ள வந்தா அந்த வாசனைதான் முதல்ல வரும்."

சாயோ இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அந்த மனுஷன் இருந்திருந்தா, 'வெட்டித் தொலைடா, என் பொண்ணு நடந்தா போவா?'ன்னு உங்க தலையில ஒண்ணு போட்டிருப்பாரு" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் தொட்டியைக் காலி செய்து, வாயை வெட்டி எடுத்தார். புதியதைப் பொருத்தி, தேறியது என்ற தாளை அண்ணியிடம் கொடுத்தார். சாயோவே காரை ஓட்டிப் போனாள். பின்னால் புகையில்லை, வாசனையில்லை.

அன்றைக்கு ஆண்டவர் மலையைக் கழுவி வைத்ததுபோல் காட்டினார். மலையைப் பாருங்க என்று நான் கூப்பிட்டுச் சொன்னேன். யூசேபியோ திரும்பவில்லை. நசுங்கிய அந்தப் பழைய இரும்பு வாயை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார்.