பனிக்குள் கேட்ட ரொட்டிப் பாடம்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதத்தில், மட்டக்களப்பு வாவியின் நடுவில். நடுவில் என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் எங்கே நின்றோம் என்பது எங்களுக்கே அப்போது தெரியாது.

நான் ஒரு கல்லூரியில் ஆசிரிய மாணவர்களின் கற்பித்தல் பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். படிப்பை முடிக்கப்போகிறவர்களைப் பாடசாலைகளுக்கு அனுப்புவது, அவர்கள் பாடம் நடத்தும்போது வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்து பார்ப்பது, புள்ளி போடுவது, ஆசிரியராகத் தகுதி உடையவர் என்று சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வது, எல்லாம் என் தலையில்தான். கண்டிப்பானவள் என்று பெயர். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே சிலர் கையில் இருக்கும் சோக்கைக் கீழே போட்டுவிடுவார்களாம். என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அன்று நான் போனது ஒரு மாணவியின் இறுதிப் பாடத்தைப் பார்க்க. கரடியனாற்றுப் பக்கத்து வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல பிள்ளை. ஆனால் பின்னால் யாராவது இருந்து பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை பாடக்குறிப்பை அப்படியே ஒப்புவித்தாள். பிள்ளைகளின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. போதாது என்று எழுதிவிட்டோம். இது அவளுடைய கடைசி வாய்ப்பு. இதுவும் சரிவராவிட்டால் கூடப் படித்த தன் கூட்டத்தோடு அவளுக்குச் சான்றிதழ் கிடையாது. மற்றவர்கள் நியமனம் எடுத்துக்கொண்டு போக, அவள் ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும்.

இறுதிப் பாடத்துக்கு வெளியில் இருந்து ஒரு பரீட்சகர் வர வேண்டும் என்பது விதி. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தார். பளபளவென்று துடைத்த சப்பாத்து, மடிப்புக் குலையாத சேர்ட், அளந்து பேசும் மனிதர். அடுத்த நாள் அவருக்கு வேறு ஊரில் வேலை. ஆகவே அன்று பார்த்தால்தான் உண்டு.

பாடசாலை இருந்தது படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். அந்த இடத்தில் பாலம் இல்லை. மிதவைகளின் மேல் பலகைத் தளம் போட்டு, ஓர் இயந்திரத்தைக் கட்டி ஓட்டுவார்கள். அதற்கு இங்கே பாதை என்று பெயர். இரண்டு மோட்டார் சைக்கிள்களோடும் நாலைந்து பயணிகளோடும் நாங்களும் ஏறிக்கொண்டோம். புறப்படும்போது இலேசான பனிதான். போகப்போக அது தடித்தது. முதலில் அக்கரை மறைந்தது. திரும்பிப் பார்த்தால் இக்கரையும் இல்லை. பிறகு பாதையின் மறு ஓரத்தில் நின்ற மோட்டார் சைக்கிளும் மெல்ல மெல்லக் கரைந்துபோனது.

பாதைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"இனி ஏலாது சேர். இந்தப் பக்கம் முழுக்க வலைக் கம்பு. மிசின்ல வலை சுத்திச்செண்டா எல்லாரும் நீந்தித்தான் போகணும். பனி எழும்பட்டும்."

நான் பதறிப்போய் பாடசாலை அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாங்கள் வந்து சேரும் வரைக்கும் பாடத்தைத் தொடங்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லச் சொன்னேன். "ஓம் மேடம், சொல்லுறன்" என்றார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெள்ளை. பாதை மெதுவாகத் தன்பாட்டில் சுற்றியது, அல்லது சுற்றுவதாக எனக்குத் தோன்றியது. எங்கேயோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. விடியற்காலைத் தூக்கத்தில் எழும்ப வேண்டும் என்று தெரிந்தும் எழும்பாமல் கிடப்போமே, அந்தச் சுகம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளையின் வருங்காலம் அக்கரையில் காத்திருக்க, நான் இங்கே சொக்கிப்போய் இருக்கிறேன்.

பரீட்சகர் தொண்டையைச் செருமினார். "உங்கட மீனெல்லாம் பாடுமெண்டு சொல்லுவினம். ஒண்டும் கேக்கேல்லையே?"

"அதுகள் பூரணைக்குத்தான் சேர் பாடும். இப்ப லீவு" என்றார் பாதைக்காரர். அளந்து பேசும் பரீட்சகர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது. தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிக்கும் பாடசாலை மணி. அதுவும் பக்கத்துக் காணியில் அடிப்பது போல அவ்வளவு கிட்டத்தில். அந்தப் பாடசாலையின் முதல் கட்டடம் வாவியைப் பார்த்தபடி இருக்கும். இடுப்பளவு சுவர்தான், மேலே திறந்த வெளி. அசையாத தண்ணீர் மேலாக வாங்கு இழுபடுவதும் பிள்ளைகள் கதைப்பதும்கூடத் தெளிவாகக் கேட்டது. கரைக்கு மிக அருகில் வந்துதான் நின்றிருக்கிறோம், ஆனால் ஒரு புல்லைக்கூடக் காணவில்லை.

பிறகு ஒரு ஆசிரியையின் குரல் கேட்டது.

"ஒரு ரொட்டி இருக்கு. வீட்டில நாலு பிள்ளைகள். சண்டை வராமப் பங்கு வைக்கணும். என்ன செய்வம்?"

சிரிப்பும் தைரியமுமாக வந்த அந்தக் குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆனால் பாடம் தெரியும். தரம் மூன்று, பின்னம், ஒரு ரொட்டியை நாலாகப் பிரித்தல். நான் திருத்திக் கொடுத்த பாடக்குறிப்பு அல்லவா! காத்திரு என்று சொல்லியும் தொடங்கிவிட்டாள். எனக்கு உச்சியில் ஏறியது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறாளே என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உது எங்கட பிள்ளையோ?" என்று கேட்டார் பரீட்சகர். ஓம் என்றேன். அவர் பேனையை எடுத்துத் தாளை முழங்காலில் விரித்தார்.

"நாலாப் பிய்ப்பம் மிஸ்!"

"நாலும் ஒரே அளவா இருக்கணும். அப்ப ஒராளுக்கு எவ்வளவு?"

"கால்வாசி!" என்று வகுப்பே கத்தியது.

கூச்சல் அடங்கியதும் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல் தனியாக வந்தது. "மிஸ், அம்மாக்கு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இந்த இடத்தில் ஆசிரிய மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்கு அத்துபடி. அதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிக் கேள்வியை ஓரங்கட்டிவிட்டு, பாடக்குறிப்பின் அடுத்த வரிக்குத் தாவுவார்கள். அதில் அம்மாவுக்கு இடமில்லை.

"அட, ஓம் கா பிள்ளை! அம்மாவ மறந்திட்டமே. இப்ப எத்தினை பங்கு?"

"அஞ்சு மிஸ்."

"அப்ப ஒனக்கு வாற துண்டு முந்தினதை விடப் பெருசா, சின்னனா?"

பெருசு, பெருசு என்று பல குரல்கள் எழுந்தன. நாலை விட அஞ்சு பெரிசுதானே. பின்னத்தில் பிள்ளைகள் சறுக்குகிற இடமே இதுதான்.

"பொறுங்க. அவ சொல்லட்டும்."

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும்தான். நான் காத்திருந்தேன். இன்னும் காத்திருந்தேன். என்ன ஆயிற்று, நேரம் போகிறதே, வேறு பிள்ளையைக் கேளேன் என்று மனம் அடித்துக்கொண்டது. பரீட்சகரின் பேனை அந்தரத்தில் நின்றது. பாதைக்காரர்கூட பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்திருந்தார். முகம் தெரியாத அந்தப் பிள்ளையின் பதிலுக்காக அந்த வெள்ளைக்குள் நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம்.

"சின்னன் மிஸ்" என்றது அந்தக் குரல். "ஆள் கூடினா துண்டு சின்னனாகும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பரீட்சகர் தலையை மட்டும் ஆட்டினார்.

பாடம் தொடர்ந்தது. கடைசியில் மறுபடியும் ஒரு நீண்ட அமைதி. "வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று" என்று அவர் எழுதுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பனி எழும்பியபோது கரை எங்களுக்கு நேரே, எட்டிக் குதிக்கலாம் போல இருந்தது. வேகவேகமாக நடந்து வகுப்புக்குள் நுழைந்தோம். அந்த அமைதியின் காரணம் அங்கேதான் விளங்கியது. பிள்ளைகள் எல்லோர் வாயிலும் தேங்காய்ப்பூ ரொட்டி. மென்றுகொண்டிருந்தார்கள்.

எங்களைக் கண்டதும் என் மாணவியின் முகம் செத்துப்போயிற்று. பனிக்குள் நாங்கள் கேட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? பரீட்சகரும் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"பாடம்?"

"முடிஞ்சிட்டு சேர்."

"கற்பித்தல் சாதனங்கள் எங்கை?"

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். முன்னால் இருந்த ஒருத்தன் விழுங்கிவிட்டு எழும்பினான். "தின்னுட்டம் சேர்."

"அதிபர் பொறுக்கச் சொன்னவரெல்லோ? ஏன் பிள்ளை துவங்கினனீர்?"

அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஓம் சேர், சொன்னவர். ஆனா மேசையில ரொட்டி இருக்கு. காலையில ஒண்டும் தின்னாம வாற பிள்ளைகள் கனபேர். வாசத்தைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இரிக்கச் சொல்லுற? எனக்கு ஏலாமப் போச்சு." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. செய்தது பிழையென்றே அவள் நினைத்தாள். ஒரு வருடம் போயிற்று என்பது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பிள்ளைகளுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "சேர், மிஸ் மறுகாப் படிப்பிக்கட்டும். நாங்க ஒண்டும் தெரியாத மாதிரி இரிக்கம்" என்றான் அதே பயல். "ரொட்டி இரிக்கிற மாதிரி நினைக்கம்" என்றது இன்னொன்று. இந்த நடிப்புக்கு நான் எத்தனை வகுப்புகளில் ஏமாந்திருப்பேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதற்குள் கடைசி வாங்கில் இருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து வந்தாள். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் இரண்டு ரொட்டித் துண்டுகள், விரல் நகத்தளவு.

"இது சேருக்கும் மேடத்துக்கும் வச்ச பங்கு. ஆள் கூடிட்டு, அதான் சின்னன்."

குரலை உடனே தெரிந்துகொண்டேன். பரீட்சகர் அதை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், பார்த்ததெண்டு எழுதேலாது. கேட்டதெண்டுதான் எழுதுவன். நீங்கள் ஒப்பம் வைப்பியளோ?"

கண்ணால் பார்க்காத பாடத்துக்குப் புள்ளி இல்லை என்று கல்லூரிக் கையேட்டில் எழுதிவைத்தவளே நான்தான். அது அவருக்கும் தெரியும். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"எழுதுங்க சேர். நான் வைக்கிறன். கேள்வி வந்தா நான் பதில் சொல்லுறன்."

நாங்கள் பாதையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டோம் என்று சொன்னபோது அவள் நம்பவே இல்லை. அந்தச் சின்னவள் சொன்ன பதிலை நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டாள். பிள்ளைகள் காரணம் தெரியாமலே கைதட்டினார்கள். நானும் அழுதேன். யார் பார்த்தால் என்ன.

கேள்வி வந்தது. பதிலும் சொன்னேன். அவளும் தன் கூட்டத்தோடு சான்றிதழ் எடுத்து, இப்போது தூரத்து ஊர் ஒன்றில் படிப்பிக்கிறாள்.

ஆனால் நான் மறக்க முடியாமல் இருப்பது அதுவல்ல. அன்று வழியனுப்ப அவள் துறை வரைக்கும் வந்தாள். பனி முற்றாகப் போய் வாவி வெயிலில் பளிச்சென்று கிடந்தது. பரீட்சகர் முதலில் ஏறிவிட்டார். மனதில் அரித்துக்கொண்டிருந்ததை நான் அவளிடம் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு மகள். நாங்க பின்னால இருந்திருந்தா, அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் பொறுத்திருப்பியா?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"இல்ல மேடம். அவக்கிட்டக் கேட்டிருக்கவே மாட்டன். நீங்க வாறீங்கெண்டு அவவப் பின்னுக்கு இருத்திப்போட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளத்தான் முன் வாங்கில இருத்தி வச்சிருந்தன்."

பாதையில் ஏறி அமர்ந்தேன். இத்தனை வருடங்களாக நான் புள்ளி போட்டது பிள்ளைகளுக்காக நடந்த பாடங்களுக்கு அல்ல, எனக்காக நடந்த பாடங்களுக்கு. அது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. இப்போதும் வகுப்புகளுக்குப் போகிறேன், புள்ளியும் போடுகிறேன். ஆனால் பேனையைத் திறப்பதற்கு முன்னால், நான் வந்து இருக்கிற காரணத்தால் இன்றைக்கு யாரிடம் கேள்வி கேட்கப்படாமல் போகப்போகிறதோ அந்தப் பிள்ளையைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.