நிலைக்கு மேலே அறைந்த லாடம்

போலீஸ் குதிரையின் காலிலிருந்து கழன்று விழுந்த லாடத்தை என் மாமனார் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றுதான் என் அண்ணனின் வலது பாதம் அந்தக் குதிரைகளில் ஒன்றின் குளம்புக்கடியில் நொறுங்கியது. இரண்டும் ஒரே சந்தை முக்கில், ஒரே மத்தியானத்தில் நடந்தன. இத்தனை காலம் கழித்து எழுதும்போதும் என்னால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுத முடிகிறது.

நான் பிறந்தது விளவங்கோட்டுப் பக்கம். கட்டிக்கொடுத்தது பாறசாலை தாண்டி உள்ளே ஒரு ஊரில். அப்போது இரண்டும் ஒரே ராஜ்யம். காலையில் அம்மா வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு விளக்கு வைக்கும் முன் திரும்பிவிடலாம். தமிழ் பேசுகிற தாலுகாக்களையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கூட்டமுமாக இருந்த வருடங்கள் அவை. என் அண்ணன் தையல்காரன். கடையைப் பூட்டிவிட்டு எல்லா ஊர்வலத்துக்கும் போவான். என் மாமனாரும் போவார். அவருக்கு மரச்சீனிக் கிழங்கு வியாபாரம். வெள்ளறடையில் செடியை மூடோடு வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிச் சந்தைகளுக்குக் கொண்டுபோவார். கூட்டம் நடந்தால் வந்தவர்களுக்கு அவித்துக் கொடுக்க ஒரு சாக்கு கிழங்கு அவர் கணக்கில் போகும். கஞ்சன் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

சின்ன வயதில் அவர் மலையில் ஒரு வெள்ளைக்காரனின் எஸ்டேட்டில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே லாயக் கதவிலும் பங்களா வாசலிலும் குதிரை லாடம் அறைந்திருப்பார்களாம். அதன் சட்டதிட்டங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். லாடத்தைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, வழியில் கண்டெடுக்க வேண்டும். ஆணி கழலாமல் இருந்தால் ரொம்ப விசேஷம். வாய் மேலே பார்க்க அறைய வேண்டும், கீழே பார்த்தால் பாக்கியம் கொட்டிப்போகும். மாட்டு லாடம் எத்தனையோ அவர் வண்டியிலேயே கிடந்தது, அதற்கு இந்த மதிப்பு இல்லை.

அன்றைய ஊர்வலத்துக்கு வடக்கேயிருந்து குதிரைப் போலீஸை இறக்கியிருந்தார்கள். சந்தை முக்கில் குதிரைகளைக் கூட்டத்துக்குள் விட்டார்கள். எதிரே ஒரு வழி, பின்னால் ஒரு வழி, இரண்டிலும் லத்தி. என் மாமனார் ஒரு பலசரக்குக் கடைக்குள் பாய்ந்து உளுந்து மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன். குதிரை வந்தால் நானும் ஒளிந்திருப்பேன். எல்லாம் அடங்கி வெளியே வந்தபோது ரோட்டில் செருப்பும் கிழிந்த வேட்டியும் கொடிக்கம்பும் கிடந்தன. அடிபட்டவர்களும் கிடந்தார்கள். அவர் கண்ணில் பட்டது லாடம்.

நான் முற்றத்தில் நின்று கேட்டேன். “அண்ணனக் கண்டீங்களா மாமா?”

“அந்தக் கூட்டத்துல ஆரப் பாக்க பிள்ளே? எல்லாவனும் ஓடுனான்.” அதற்குள் துண்டை அவிழ்த்துவிட்டார். “இங்க பாரு. ஆணியோட கெடச்சதாக்கும்.”

விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணனோடு போயிருந்த ஒருவர் சைக்கிளில் வந்து சேதி சொன்னார். கீழே விழுந்தவனின் பாதத்தில் குதிரை ஏறி நின்றிருக்கிறது. ஏறி ஓடவில்லை, நின்றிருக்கிறது. மேலே இருந்தவன் கடிவாளத்தை இழுத்து அதைத் திருப்ப அவசரப்படவில்லையாம். என் மாமனார் அதைக் கேட்டு, “அய்யோ கஷ்டமே” என்றார். தேங்காய்ச் சகிரி நாரால் லாடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

மறுநாள் காலையில் நான் அண்ணனைப் பார்க்கப் புறப்பட்டேன். என் கணவர் வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்று நிலைக்கு மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா கீழே நின்று இடம் வலம் சொல்லிக்கொண்டிருந்தார். அறைந்து முடியும்வரை யாரும் வெளியே இறங்கக் கூடாது, இறங்கினால் வருகிற பாக்கியம் அவர்களோடு போய்விடும் என்று என்னை நிறுத்தினார். கையில் அண்ணனுக்கு எண்ணெய்க் குப்பியோடு நான் உள்ளே நின்றேன். கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று பிடுங்கி மறுபடியும் அறைந்தார்கள். நானும் நின்றேன்.

அண்ணனின் கால் எலும்பை ஒரு வர்ம ஆசான் இழுத்து நேராக்கி, முட்டை வெள்ளையும் மருந்தும் வைத்துக் கட்டியிருந்தார். நடக்கலாம், ஆனால் பாதத்தை மடக்கி மிதிக்க வராது என்று சொல்லிவிட்டார். தையல் மெஷினை மிதிக்காமல் தையல்காரன் என்ன செய்வான்? அண்ணன் காஜா எடுக்கவும் பொத்தான் வைக்கவும் மற்றவர்கள் கடையில் போய் உட்கார்ந்தான்.

எங்கள் வீட்டிலோ நல்ல காலம் பிறந்துவிட்டது. பசு கிடாரிக் கன்று போட்டது, லாடம். மரச்சீனி விலை ஏறியது, லாடம். பக்கத்துப் பறம்புக்காரனோடு இருந்த எல்லை வழக்கு ஜெயித்தது, அதுவும் லாடம். விடியுமுன் எழுந்து சாணி அள்ளியதும் மாட்டுக்குக் காடி காய்ச்சியதும் நான். ஊரில் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். வாய் கீழே பார்க்கத்தான் அறைய வேண்டும் என்று ஒருவர் வாதாடினார். தனுவச்சபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தாயத்தில் வைக்க அதன் துருவைச் சுரண்டிக்கொண்டு போனாள். கறுத்த குதிரையின் லாடம் சனியைத் தடுக்கும் என்று ஒரு ஜோசியர் சொன்னார். அன்றிலிருந்து சந்தை முக்கில் வந்த குதிரைகளெல்லாம் என் மாமனார் வாயில் கறுப்பாகிவிட்டன. அண்ணன் சொன்னது செம்பட்டை நிறம். தன் பாதத்தின்மேல் நின்ற குதிரையின் நிறம் அவனுக்குத் தெரியாதா?

நான் முன்வாசல் வழியாகப் போவதை விட்டேன். அடுக்களை வழியாகவே போனேன், வந்தேன். கணவரிடம் என் ஆத்திரத்தைச் சொன்னபோது, “கண்டும் காணாம இரி” என்றார். அவருடைய எல்லாப் பதிலும் அதுதான்.

வயிற்றில் பிள்ளை வந்தது. அதையும் லாடத்தின் பெயரில் எழுதினார்கள். ஏழாம் மாதம் என்னைப் பேறுக்கு அழைத்துப் போக அண்ணன் பலகாரத்தோடு பஸ்ஸில் வந்தான். காலில் அந்தச் சேதம் வந்தபின் எங்கள் வீட்டுக்கு அவன் வருவது அதுவே முதல் தடவை. கம்பை ஊன்றி முற்றம் கடந்து வந்தவனை என் மாமனார் வாசலிலேயே நிறுத்தி, மேலே கையைக் காட்டி எல்லாக் கதையையும் சொன்னார். எங்கே கிடைத்தது என்பதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றினால்தானே?

அண்ணன் நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். “எனக்க காலுல ஏறுனது இதா இருந்தா, இந்த வீட்டு நல்லகாலத்துல எனக்கும் ஒரு பங்கு உண்டு மாமா.”

என் மாமனார் உரக்கச் சிரித்தார். கணவரும் சிரித்தார். பாரம் இறங்கிய சிரிப்பு. நான் அடுக்களையிலிருந்து வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு, அந்த வயிற்றோடு ஏறினேன். கத்தி முனையை இடுக்கில் விட்டு நெம்பினேன். கணவர் ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்தார். கத்தியைப் பிடுங்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நிலைச்சட்டம் ஒரு சிராய் பெயர்ந்து லாடம் கையோடு வந்தது.

“எட்டீ, நீ இந்தக் குடும்பத்த முடிக்கப் போற” என்றார் மாமனார்.

“இவன் ரோட்டுல கெடக்கையில நீங்க குனிஞ்சு இரும்ப எடுத்தியளே மாமா. கொஞ்சம் அங்கோட்டுப் பாத்திருந்தா ஆளக் கண்டிருப்பியளே.”

வீட்டுக்குப் பின்னால் கயிறு திரிக்கத் தேங்காய் மட்டைத் தொண்டு அழுகப் போடுகிற குளம் இருந்தது. கறுத்த, நாறுகிற தண்ணீர். லாடத்தை அதன் நடுவில் வீசினேன். அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனோடு பஸ் ஏறினேன்.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்கக் கணவர் மட்டும் வந்தார். குழந்தை கழுத்து நிற்கும் முன்பே எல்லை தீர்மானமாகிவிட்டது. நான் பிறந்த ஊர் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தோடு நின்றன. எங்கள் பக்கத்தில் நடந்த ஊர்வலம், வாங்கிய அடி, நொறுங்கிய எலும்பு எல்லாம் போன இடம் தெரியவில்லை. நான் குழந்தையோடு திரும்பி வந்த அன்று என் மாமனார் முற்றத்தில் நின்று சொன்னார், “அது வாசல்ல இருந்திருந்தா நாம அங்கோட்டுப் போயிருப்போம். நீ பறிச்சு எறிஞ்ச, நாடு போச்சு.”

வேடிக்கையாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். சாயாக் கடையில் சொன்னார், சந்தையில் சொன்னார், பெருங்கடவிளையில் கிழங்கு வாங்க வந்தவர்களிடம் சொன்னார். சிலர் என்னை வழியில் கண்டால் அப்படியும் இருக்குமோ என்பதுபோல் பார்த்தார்கள். பெரிய மேஜையில் வரைபடத்தை விரித்துக் கோடு போட்டவர்கள் மேல் ஒருவருக்கும் இவ்வளவு கோபம் வரவில்லை. குதிரையை விட்டவன் மேலும் வரவில்லை. அடுக்களையில் நின்ற ஒருத்தியின் மேல் வருவது எளிது.

நான் ஒரே ஒரு தடவைதான் திருப்பிச் சொன்னேன். “கோடு போட்டவன் நம்ம வீட்டு நெலயப் பாத்தா போட்டான்? அப்போ போலீஸ்காரனுக்க குதிரைக்கு எல்லாக் காலுலயும் லாடம் உண்டே மாமா. பாக்கியம் எல்லாம் அவனுக்கு அல்லவா போவும்?” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாகும்வரை அவர் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் கஞ்சி கொடுத்ததும் நான்தான். வாயைத் துடைத்துவிடும்போதுகூட எனக்கு அந்தக் கோபம் இருந்தது.

அண்ணன் இடது காலால் மிதிக்கப் பழகினான். மெல்லத்தான் ஓடும் அவன் மெஷின். என் மகள் மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பாவாடையெல்லாம் அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து தைத்து அனுப்பியவை. ஒரு நாள் அவன் கடையில் உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னான், “ஒன்ன அந்த வீட்டுல விட்டிருக்கோம் இல்லியா மக்கா. நான் வேற என்ன செய்ய?”

அதைக் கேட்டு என் மனம் ஆறியிருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆறவில்லை. கால் போனவனால் அதற்காகக் கோபப்படக்கூட முடியாமல் போனதற்குக் காரணம் நான். அவன் படாத அந்தக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருக்கிறேன்.