ஜின்சியின் இங்கிலீஷும் ஆனந்தியின் வயிற்றெரிச்சலும்

உண்மையைச் சொல்லுங்கள், உங்களைவிட நன்றாக இங்கிலீஷ் பேசும் ஒருவரைப் பார்த்து உங்கள் வயிறு ஒருநாளும் எரிந்ததில்லையா? இல்லை என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது அவருடைய அப்பா பணம் கட்டி அந்த இங்கிலீஷைச் சின்ன வயதிலேயே வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனந்திக்கு அப்படி வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் அவளுக்கு எரிந்தது. ஜின்சி வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலேயே எரியத் தொடங்கிவிட்டது.

தேவிகுளத்துக்குக் கீழே, சாலை வளைந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது அந்தத் தேயிலை எஸ்டேட். ஆனந்தி பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே உள்ள லயத்து வீட்டில்தான். ஒரே கூரையை வரிசையாகத் தடுத்துக் கூலிக்காரர்களுக்குக் கொடுத்தார்களே, அந்த வீடு. அவளுடைய அம்மா பூமாரி கல்யாணமாகி வந்த மறுவாரமே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனவள். அப்போதும் போய்க்கொண்டிருந்தாள். எஸ்டேட்காரர்கள் பழைய தேயிலை ஃபேக்டரியைச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிட்டபோது, பன்னிரண்டாவது பாஸான ஆனந்தியைத் தூள் சலிக்கும் அறையிலிருந்து கூப்பிட்டு கைடாகப் போட்டார்கள். இலையை வாட்டும் தொட்டி, உருட்டும் மெஷின், புளிக்க வைக்கும் மேடை, காய வைக்கும் அடுப்பு, கடைசியில் ருசி பார்க்கும் மேசை. எல்லாவற்றையும் அவள் தமிழில் சொல்வாள், மலையாளத்தில் சொல்வாள், மனப்பாடம் செய்த இங்கிலீஷிலும் சொல்வாள். ஜனங்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போவார்கள். குறையொன்றும் இல்லை.

அடுத்த சித்திரையில் பூமாரிக்கு ஓய்வு. வேலை போனால் வீடும் போய்விடும் என்பது எஸ்டேட் சட்டம். குடும்பத்தில் இன்னொருவர் பெர்மனென்ட் ஆளாக இருந்தால் மட்டுமே வீடு தங்கும். ஆனந்தி கான்ட்ராக்ட். அவள் புருஷன் பாண்டி ஜீப் ஓட்டுகிறான், ஜீப் வேறொருத்தருடையது. ஆயுள் முழுக்க ஒரு மலையைச் செதுக்கிக் கொடுத்தவளைக் கடைசி நாளில் சாமானோடு சாலையில் நிறுத்துவதற்கு இந்த நாட்டில் விதிமுறை என்று பெயர். சுற்றுலாப் பிரிவைக் கவனிக்கும் ஆபீசர் ஜிதின் சார் ஒரு பேச்சைப் போட்டு வைத்திருந்தார். கைடு வேலையில் ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வரப்போகிறது என்று. அந்த இடம் தனக்குத்தான் என்று ஆனந்தி நிம்மதியாக இருந்தாள்.

அப்போதுதான் சாந்தன்பாறையிலிருந்து ஜின்சி வந்தாள். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் மதலேனம்மாளின் மகள். கொச்சியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காகப் போனில் பேசும் வேலை பார்த்துவிட்டு, அது மூடிப்போனதும் மலையேறி வந்தவள். முதல் நாள் ஆனந்திக்குப் பின்னால் நின்று வேலை பழக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு தடித்த மனிதர், "நமக்குக் காபிதாம்மா" என்றார். பின்னால் நின்ற ஜின்சி, "அப்போ டீ இஸ் நாட் யுவர் கப் ஆஃப் டீ" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனிதரின் மனைவி கைதட்டினாள். சிரிக்காமல் நின்ற பாலக்காட்டுக் குடும்பத்துக்கு ஜின்சியே விளக்கமும் சொன்னாள். இங்கிலீஷ்காரன் தனக்குப் பிடிக்காத எதையும், அது படமாக இருந்தாலும் ஆளாக இருந்தாலும், என் டீக்கோப்பை இல்லை என்றுதான் சொல்வானாம். பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்த வீட்டுப் பெரியவர் அர்த்தநாரி, "ஏனுங்க, அப்ப எங்க ஊட்ல மருமகப்புள்ள எனக்கு டீக்கோப்பை இல்லீங்க" என்றார். மறுபடி சிரிப்பு. அன்றைக்கு யாரும் ஆனந்தியோடு போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறைக்கும் ஒரு சொலவடை முளைத்தது. சீனாவிலுள்ள தேயிலை முழுவதையும் கொட்டிக் கொடுத்தாலும் செய்ய மாட்டேன் என்றால், எந்த விலைக்கும் மாட்டேன் என்று அர்த்தம். சாக்லேட்டில் செய்த டீப்பாட் என்றால், ஒன்றுக்கும் உதவாத ஆள். சூடாக ஊற்றினால் உருகிவிடுமே. டீயைக் கொட்டிவிடு என்றால், உனக்குத் தெரிந்த வம்பையெல்லாம் சொல்லு. இளவட்டங்கள் இதைக் கேட்டுவிட்டு ஜின்சியைச் சூழ்ந்துகொண்டு, "கொட்டு, கொட்டு" என்று கத்தும். இன்டர்நெட்டில் ஃபேக்டரியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஜின்சியின் பெயரைப் போட்டு எழுதினார்கள். ஜிதின் சார் அவற்றை ஆபீஸில் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

ஆனந்தி வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"அந்தப் பாத்திரம் உனக்கு என்னட்டி செஞ்சது?" என்றாள் பூமாரி.

"அவ என்ன பேசுதான்னே தெரியாமச் சிரிக்கானுவம்மா. வாட்டுற தொட்டிக்கும் உருட்டுற மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு."

"உனக்குத் தெரியுமே. சிரிக்க வையேன்."

"எனக்கு எங்க வருது."

"அப்ப எரியாத. எரிஞ்சா உன் சோறுதான் கருகும்."

பாண்டி இதற்கு ஒரு வைத்தியம் சொன்னான். மாடசாமி கோயிலில் எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டால் எதிரி வாய் கட்டிப்போகுமாம். ஆனந்தி வெட்டியும் போட்டாள். பழத்துக்கு என்ன தெரியும்? மறுநாள் ஜின்சியின் வாய் இன்னும் நன்றாகவே திறந்தது. மனிதர்கள் உண்டாக்கிய பள்ளத்தைச் சாமி வந்து நிரப்பும் என்று நம்புகிறவரை, பள்ளம் வெட்டியவனுக்குக் கவலையே இல்லை.

பழம் பலிக்காமல் போனதும் ஆனந்தி போனை எடுத்தாள். சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் இங்கிலீஷ் சொல்லித்தரும் வீடியோவை ஓடவிட்டாள். டீ சம்பந்தப்பட்டதாக மட்டும் தேடினாள். ஜின்சி இன்னும் சொல்லாத ஒன்று வேண்டும். கிடைத்தது, டீ அண்ட் சிம்பதி. மனம் நொந்திருப்பவருக்கு ஒரு கோப்பை டீ கொடுத்து ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது. ஆனந்திக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுடைய லயத்தில் அது தினசரி நடப்பு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பக்கத்து வீடுகள் முறைபோட்டுப் பால் விடாத கட்டன்சாயா காய்ச்சித் தூக்குச்சட்டியில் கொண்டுபோவார்கள். அழுகிறவளின் கையில் டம்ளரைத் திணித்து, குடி, குடிச்சிட்டு அழு என்பார்கள்.

மறுநாள் அவளுக்குக் கிடைத்த கூட்டம் முழுக்கப் புதுமணத் தம்பதிகள், பூனாவிலிருந்து வந்தவர்கள். ருசி பார்க்கும் மேசையருகே நின்று ஆனந்தி அந்தச் சொலவடையைச் சொன்னாள். சொல்லிவிட்டு விளக்கத் தொடங்கினாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த கட்டன்சாயாவில் உப்பு கரித்ததையும், அது தன் கண்ணீரா அவள் கண்ணீரா என்று தெரியவில்லை என்பதையும், தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்துச் சொல்லி முடித்தாள். ஒரு புதுப்பெண் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ஒருவரும் டீத்தூள் வாங்கவில்லை.

"எந்தா ஆனந்தி இது?" என்றார் ஜிதின் சார். "கெஸ்ட்டு சிரிக்கணும். ஹனிமூன் வந்தவங்களுக்கு மரிச்ச வீட்டுக் கதையா? அது ஜின்சி பார்த்துக்கட்டே. நீ மெஷின் மட்டும் சொல்லு."

ஜின்சி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "நல்லாத்தானே சொன்னீங்க அக்கா" என்றாள். அந்த ஆறுதல்தான் ஆனந்தியை அதிகம் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மாசி மாதத்தில் சென்னையிலிருந்து கம்பெனியின் பெரிய ஆட்கள் விருந்தாளிகளோடு வந்தார்கள். கைடுகளைப் பார்த்து முடிவு செய்யத்தான் வருகிறார்கள் என்று ஃபேக்டரி முழுக்கப் பேச்சு. ஜின்சி முன்னால் நடந்தாள். ஆனந்தியைக் கோப்பை எடுத்துக்கொடுக்கப் பின்னால் நிற்க வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு விருந்தாளிப் பெண், சில வருஷத்துக்கு முன் இந்த எஸ்டேட் பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்து பெரிய ஸ்ட்ரைக் செய்தார்களாமே, அது என்ன என்று கேட்டாள்.

ஜின்சி தயங்கவில்லை. "ஓ, தட் வாஸ் ஜஸ்ட் எ ஸ்டார்ம் இன் எ டீகப்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஜிதின் சாரும் சிரித்தார்.

ஆனந்தி கற்ற பாடத்தில் அதுவும் இருந்தது. டீக்கோப்பைக்குள் அடிக்கும் புயல். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஊரைக் கூட்டுவது. அந்த ஸ்ட்ரைக்கில் பூமாரி கொட்டும் மழையில் ரோட்டில் கிடந்தாள். காய்ச்சலோடு கிடந்தாள். யூனியன் தலைவர்கள் எழுந்துபோகச் சொன்னபோது, நீ போய் எங்க கூடையைத் தூக்கு, நாங்க அப்புறம் வாரோம் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். இந்தச் சொலவடையை உண்டாக்கியவன் கோப்பைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். குடிக்கிறவனுக்கு அது கோப்பை. கிள்ளுகிறவளுக்கு அது முழு மலை.

ஆனந்திக்குக் கோபம் பொங்கியது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. ஒரு சந்தோஷம். மாட்டிக்கொண்டாயா.

சாயங்காலமே லயத்தில் எல்லாருக்கும் சொன்னாள். தமிழில் சொன்னாள், அர்த்தத்தைக் கொஞ்சம் காரம் சேர்த்தே சொன்னாள். விடிந்ததும், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பெண்கள் யாரும் கூடையைத் தொடவில்லை. ஜின்சியைக் கூட்டி வரச் சொன்னார்கள்.

"ஏட்டி, நாங்க ரோட்டுல கெடந்தது உனக்கு டீக்கோப்பையா?" என்று கேட்டாள் பூமாரி.

ஜின்சியின் முகம் வெளுத்துப்போயிற்று. "அது என் பேச்சு இல்லம்மா. ஸ்ட்ரைக்கைப் பத்திக் கேட்டா இப்படித்தான் சொல்லணும்னு ஜிதின் சார் படிப்பிச்சுக் கொடுத்தார். சொல்லலேன்னா பெர்மனென்ட் இல்லேன்னார்."

"நீ சொல்லிட்ட."

"சொல்லிட்டேன். எங்கம்மாவுக்கும் அடுத்த வருஷத்தோட ஏலத்தோட்டத்து வீடு முடியுது. பெர்மனென்ட் ஆனா இங்க ஒரு லயம் கிடைக்கும், அம்மாவைக் கூட்டிட்டு வந்திரலாம்னு நெனச்சேன்."

பூமாரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பாராட்டு இல்லை.

பெண்கள் ஜின்சியை விட்டுவிட்டு ஆபீஸ் வாசலுக்கு நடந்தார்கள். ஜிதின் சார் வெளியே வந்து, தான் அப்படி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். அந்த வாரமே கம்பெனி முடிவைச் சொன்னது. கைடுகளுக்குள் சண்டை, அதனால் எஸ்டேட்டில் அமைதி கெட்டது, இனி கைடு வேலை முழுக்க வெளி ஏஜென்சி மூலம்தான், பெர்மனென்ட் இடம் கிடையாது. அப்படி ஓர் இடம் எப்போதாவது இருந்ததா என்பது ஜிதின் சாருக்கே வெளிச்சம். இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் இல்லாத எலும்பைக் காட்டினார்கள். கடித்துக்கொண்டது அந்தப் பெண்கள். பழி விழுந்ததும் அவர்கள்மேல்தான்.

ஜின்சி கொச்சிக்கே திரும்பினாள். பஸ் நிறுத்தத்தில் ஆனந்தி அவளைப் பார்த்தாள். பார்க்காததுபோல் போயிருக்கலாம், போகவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

"தெரியும் அக்கா. நானா இருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

"உனக்குப் போறதுக்கு ஒரு ஊராவது இருக்கு."

"ஊரா? கட்டிலுக்கு மேல கட்டில் போட்ட ஒரு ஹாஸ்டல்."

பஸ் வந்தது. ஜின்சி கண்டக்டரிடம் மலையாளத்திலும், இடம் கேட்ட ஒரு வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷிலும் பேசியபடி ஏறினாள். அந்த இங்கிலீஷைக் கேட்டதும் ஆனந்தியின் வயிறு பழையபடி எரிந்தது. மனம் திருந்தி, கட்டிப்பிடித்து அழுதாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய்.

சித்திரை வந்து போய்விட்டது. பூமாரி வீட்டுச் சாவியைக் கொடுக்கவில்லை. சாவி வந்தால்தான் ஓய்வுப் பணம், அதாவது கிராஜுவிட்டி, என்கிறது ஆபீஸ். கிராஜுவிட்டி வந்தால்தான் சாவி என்கிறாள் அவள். ஆனந்தி ஏஜென்சி கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே ஃபேக்டரியில் கைடாக நிற்கிறாள். முன்னால் நடக்க இப்போது அவளுக்குப் போட்டி யாரும் இல்லை. ஜின்சி சொன்னதையெல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும், ஸ்ட்ரைக்கைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல வேண்டியதையும் சேர்த்து. முதல் தடவை அதைச் சொன்ன அன்று கூட்டம் சிரித்தது. அவள் ஆசைப்பட்ட அதே சிரிப்பு. வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நீங்கள் அந்த மலைக்குப் போவீர்கள். விடுமுறை வந்தால் எல்லாரும் போகிறோம். போனால், ஸ்ட்ரைக்கைப் பற்றி ஆனந்தியிடம் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதீர்கள். நேரே ஆபீஸுக்குப் போங்கள். உங்களோடு வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழிலேயே கேளுங்கள்: இந்தப் பெண்ணை எப்போது பெர்மனென்ட் ஆக்கப்போகிறீர்கள், அவள் அம்மாவுக்குச் சேரவேண்டியதை எப்போது கொடுக்கப்போகிறீர்கள்? பதில் சொல்லும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.