மஅல்லினின் கசெற்றில் என் குரல்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மங்கரே என்ற இடத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சமையல் கூடத்தில், நான் விமானப் பயணிகளின் தட்டுகளில் பன் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலப்பக்கம் நின்றவர் பட்டர் வைத்தார். நான் யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். அவர் மொகடிஷுவில் பதினான்கு வருடம் அதே பாடத்தைப் படிப்பித்தவர். இரண்டு நாடுகளின் பௌதிகவியல் ஒரு தட்டில் சேர்ந்து வானத்துக்குப் போனது. யாரும் அதற்காக எங்களைப் பாராட்டியதாக நினைவில்லை.

அவரை எல்லோரும் மஅல்லின் என்பார்கள். சோமாலி மொழியில் அது ஆசிரியர். என்னைத் தமிழர்கள் மாஸ்டர் என்பார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அதே நகரத்தில் நான் பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் குடியிருந்தேன். அவர் த்ரீ கிங்ஸில். காலையில் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போவேன், வேலை முடியக் கொண்டுவந்து விடுவேன். வழி முழுக்க இருவரும் இனப்பெருமை அளப்போம்.

“எங்கட ஆக்கள் ஒவ்வொருத்தனும் கவிஞன், மாஸ்டர். ஒட்டகம் களவு போனாலும் முதலிலை கவிதைதான் சொல்லுவம்.”

“பொலிசுக்குப் போறேல்லையோ?”

“பொலிசும் கவிதையிலைதான் பதில் சொல்லும்.”

நான் விடுவேனா? எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே கப்பல் கட்டிக் கடல் தாண்டியவர்கள் என்றேன்.

“நீங்கள் இஞ்சை எதிலை வந்தனீங்கள்?”

“பிளேனிலை.”

“தட்டிலை பன் இருந்ததோ?”

அவரோடு வாய் கொடுத்து வென்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவருடைய நாட்டில் அப்போது அரசாங்கமே இல்லை. ஒருநாள் சொன்னார்: “உலக சபையிலை எங்களுக்கு ஒரு கதிரை இருக்கு, இருக்கிறதுக்கு ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கிறதுக்கு ஆள் நிறைய, கதிரை இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு நாடு நடத்தலாம்.”

சிரித்து முடிந்ததும் யன்னலால் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பெரிசா வருவம் எண்டு எல்லாரும் சொன்னவை, மாஸ்டர். ஒரே மொழி, ஒரே சமயம். சண்டை பிடிக்கக் காரணமே இல்லை. பிறகு குந்தியிருந்து தேடிக் கண்டுபிடிச்சம், ஆரின்ரை பாட்டன் பெரியவன் எண்டு.”

“நாங்கள் அதைக் கோயில் வாசலிலையே கண்டுபிடிச்சிட்டம்” என்றேன். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் முந்திவிட்டோம்.

அவர் இளைஞராக இருந்தபோதுதான் அவருடைய மொழிக்கு எழுத்து வந்தது. எழுத்து வந்ததும் பாடநூல் வேண்டும். பாடநூலுக்குச் சொற்கள் வேண்டும். பன்னிரண்டு ஆசிரியர்களை ஓர் அறையில் விட்டு, பௌதிகவியல் முழுவதையும் சோமாலியில் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பன்னிருவரில் இவர் வயதில் குறைந்தவர். நானும் எங்கள் ஊரில் ஒரு கலைச்சொல் குழுவில் இருந்தவன்தான். அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் கதைக்காததால், மூன்றாவது ஆள் நடுவில் இருந்து சொற்களைக் கைமாற்றினார். எப்படியோ எங்கள் புத்தகங்கள் இன்னும் அச்சாகின்றன. அவருடையவற்றில் கச்சான் கடலை சுற்றக்கூட ஒரு தாள் மிஞ்சவில்லை.

மிஞ்சியது ஒரு கசெற். அவர் வகுப்பில் நடத்திய பாடம் ஒன்றை அவர்களுடைய வானொலி பள்ளி நிகழ்ச்சிக்காக ஒலிப்பதிவு செய்திருந்தது. முட்டை ஏன் நல்ல தண்ணீரில் தாழ்கிறது, உப்புத் தண்ணீரில் மிதக்கிறது என்பதுதான் பாடம். பின்னால் நாற்பது பிள்ளைகள் ஒன்றாக “ஹா, மஅல்லின்” என்று கத்துவார்களாம். ‘ஓம், சேர்’ என்று அர்த்தம். கென்யாவின் அகதி முகாம் வழியாக, அவருடைய மச்சாள் ஒருத்தியின் உடுப்புப் பெட்டியில் அந்தக் கசெற் வந்து சேர்ந்தது. தேய்ந்துவிடும் என்று அவர் அதை ஓடவிடுவதேயில்லை.

அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். சான்றிதழ் இல்லை. நான் திட்டிக்கொண்டு விட்டுவந்த அரசாங்கம், நான் பட்டதாரிதான் என்று ஆறு வாரத்தில் முத்திரை குத்தி எழுதி அனுப்பியது. அவருடைய பல்கலைக்கழகத்துக்குப் போட்ட கடிதத்தைத் திறக்கவே அங்கே ஆள் இல்லை. கல்லூரிக்காரர்கள் இரங்கி, படிப்பித்ததற்கு வேறு ஏதாவது ஆதாரம் இருந்தால் நேர்முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கசெற்றை என் கையில் தந்தார். “மாஸ்டர், ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. மொழி விளங்காட்டிலும் பாடம் மாதிரி இருக்கோ எண்டு உங்களுக்குத் தெரியும். பிறகு ஒரு பக்கத்திலை ஆங்கிலத்திலை சுருக்கமா எழுதித் தாங்கோ. புதன்கிழமைதான் நேர்முகம்.”

கசெற்றின் மேல்விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறொன்றைப் பதிய முடியாது. அவர் உடைத்திருந்தார். இதைக் கவனமாகச் சொல்லிவைக்கிறேன்.

நான் கேட்கவில்லை. பாடத்தின் சுருக்கத்தை அவர் வாய்மொழியாகவே சொல்லியிருந்தார், அதைக் கொண்டு சனிக்கிழமை எழுதி முடித்தேன். ஏனென்றால் எனக்கு அந்த வார இறுதியில் அதைவிடப் பெரிய அலுவல் இருந்தது. ஞாயிறு பிற்பகல் சமூக வானொலியின் தமிழ் மணி நேரத்தில் என் உரை போகப்போகிறது. ‘அறிவியலுக்குத் தமிழர் அளித்த கொடை.’ பத்து நிமிடம். அதைப் பதிந்து வைக்காவிட்டால் வருங்காலத் தமிழினம் என்ன செய்யும்?

ஒலிபரப்பு தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் வீட்டில் வெறுங் கசெற் ஒன்றும் இல்லை என்று கண்டேன். மனைவியின் பாட்டுக் கசெற்றுகளை நோக்கிக் கை போனது.

“இஞ்சை பாருங்கோ, என்ரை பாட்டிலை கை வைச்சால் பிறகு தெரியும். உங்கட கதையை நான் முப்பது வருஷமா நேரிலை கேக்கிறன், அதைப் பதிஞ்சும் வைக்கோணுமோ?”

“மூலையிலை இருக்கிற டெய்ரிக் கடையிலை ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்.”

“போங்கோ. வரேக்கை பாலும் வாங்குங்கோ.”

நான் போகவில்லை. போனால் உரையின் தொடக்கம் தவறிவிடும். மேசையில் மஅல்லினின் கசெற் கிடந்தது. மேசை லாச்சியை இழுத்தேன், ஒட்டுகிற செலோரேப் இருந்தது. துவாரத்தை மூடிவிட்டால் மறுபடியும் பதியலாம். உடைந்த காதின் துவாரத்தின் மேல் ஒரு சின்னத் துண்டு ஒட்டினேன். ஒட்டிவிட்டு நகத்தால் அழுத்தினேன். மறதியாகவோ தவறுதலாகவோ செய்த வேலை அல்ல அது. தவறுதலாகச் செய்கிறவனுக்கு செலோரேப் தேவைப்படாது. ஓர் ஓரத்தில் கொஞ்சம்தானே அழியும் என்று நினைத்தேன். உண்மையில் அதைக்கூட நான் நினைக்கவில்லை. என் குரல் வரப்போகிறது என்பதைத் தவிர ஒன்றையும் நினைக்கவில்லை.

உரை முடிந்தது. பாராட்டு வரும் என்று தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றேன். வரவில்லை. நானே நாலு வீட்டுக்கு எடுத்து, கேட்டீர்களா என்று விசாரித்தேன். ஒருவர் குளித்துக்கொண்டிருந்தாராம், மற்றவர்கள் தோட்டத்தில். திரும்பி வந்தபோது கசெற் அந்தப் பக்கம் முழுவதும் ஓடி, என் உரைக்குப் பின்னால் சினிமாப் பாட்டுகளையும் ஒரு சேலைக்கடை விளம்பரத்தையும் பதிந்து முடித்துத் தானாக நின்றிருந்தது. பாடம் முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

செலோரேப்பை உரித்தேன். திங்கட்கிழமை கசெற்றையும் சுருக்கத்தையும் அவரிடம் கொடுத்தேன்.

“கேட்டனீங்களோ?”

“ஓம். நல்ல பாடம்.”

புதன்கிழமைக்கு முன் அவரோடு நாலு கார்ப் பயணம் இருந்தது. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அந்த எண்பது நிமிடத்தில் தமிழர் கட்டிய அணைகளைப் பற்றிக்கூட விளக்கினேன். கசெற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வியாழன் காலை அவர் காரில் ஏறி, இருக்கைப் பட்டி போட்டார். நெடுஞ்சாலைக்கு வந்ததும் சொன்னார்: “மாஸ்டர், உங்கட குரல் நல்ல குரல்.”

என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

“நேர்முகத்திலை மூண்டு பேர் இருந்தினம். கசெற்றைப் போட்டினம். முதல் வசனத்திலையே எனக்கு விளங்கிட்டுது, இது ஆர் எண்டு. ஆனால் அவையளுக்கு விளங்கேல்லை. பென்சிலைப் பிடிச்சுக்கொண்டு தலையாட்டிக்கொண்டு இருக்கினம். நான் என்ன செய்யிறது?”

“என்ன செய்தனீங்கள்?”

“மொழிபெயர்த்தன். நீங்கள் எழுதித் தந்த பேப்பரைக் கையிலை வைச்சுக்கொண்டு, இப்ப முட்டையைப் போடுறன், இப்ப உப்புப் போடுறன் எண்டு சொன்னன். ஒரு இடத்திலை நீங்கள் இருமினீங்கள். முட்டை அடியிலை முட்டின சத்தம் எண்டன்.”

“ஐயோ.”

“கண்ணாடி போட்ட மனுசி கேட்டா, ஏன் இவ்வளவு கோவமாக் கதைக்கிறீங்கள் எண்டு. எங்கட ஊரிலை மிதக்கிற விஷயத்திலை உணர்ச்சி கூட எண்டன். அவவுக்கு அது நல்லாப் பிடிச்சுக்கொண்டுது.” அவர் சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உண்மையா, என்னத்தைப் பற்றிக் கதைச்சனீங்கள்?”

“அறிவியலுக்குத் தமிழர் அளித்த கொடை.”

அதற்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்த பிறகு, வேலைத்தளத்தின் வாசலில் கேட்டார்: “என்ரை பாடத்திலை மிச்சம் எவ்வளவு இருக்கு?”

“ஒண்டும் இல்லை. முழுக்க ஓடிட்டுது.” பிறகு சொன்னேன்: “வெறுங் கசெற் எண்டு நினைச்சு எடுத்திட்டன், மஅல்லின்.”

“ஓம்” என்றார். “நினைச்சிருப்பியள்.”

அன்று முழுவதும் பட்டரை வழக்கம்போல் வைத்தார். ஒரு தட்டுக்கு ஒன்று, ஒன்றும் விடுபடவில்லை. நான்தான் பல தட்டுகளைப் பன் இல்லாமல் அனுப்பினேன்.

கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. அதைக் காரணம் காட்டி என்னை நானே மன்னித்துக்கொள்ளச் சில மாதங்கள் முயன்றேன். அவருக்கு இடம் கிடைத்தது அவருடைய சாமர்த்தியத்தால். நான் அழித்தது அப்படியே அழிந்துதான் கிடந்தது.

சேதி வந்த சனிக்கிழமை, மதியம் வீட்டுக்கு வரச் சொன்னார். பாடத்தை மறுபடியும் பதிவோம் என்றார். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு முட்டை, உப்பு, அவருடைய பழைய ரேப் றெக்கோடர். பக்கத்தில் ஒரு தாள். பன்னிரண்டு பேர் சண்டை பிடித்து உண்டாக்கிய சொற்களை நினைவிலிருந்து எழுதியிருந்தார். அடர்த்திக்கான சொல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“ரொறன்ரோவிலை ஒரு ஆள் இருக்கிறார், அந்தக் குழுவிலை இருந்தவர். போன் எடுத்தன். அவர் ஒரு சொல் சொன்னார். அது இல்லை. எனக்குத் தெரியும் அது இல்லை எண்டு. ஆனால் எது எண்டு தெரியேல்லை. கசெற்றிலை இருந்தது.”

அவருடைய பிள்ளைகளைக் கூப்பிட்டார், பின்னால் வகுப்பு மாதிரிக் கத்துவதற்கு. அவர்கள் ரீவிக்கு முன்னால் இருந்தபடி ஆங்கிலத்தில் மறுத்துவிட்டார்கள். “அப்ப நீங்கள்தான் நாப்பது பிள்ளையள்” என்றார் என்னிடம். “நான் கேக்கிற எல்லாத்துக்கும் ‘ஹா, மஅல்லின்’ எண்டு சொல்லுங்கோ.” ஐம்பத்தொன்பது வயதில் நான் மொகடிஷுவில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன்.

பழைய கசெற்றையே எடுத்தார், என் உரையின் மேல் பதிவதற்கு. உடைந்த காதின் இடத்தில் பெருவிரலை வைத்தவர் அப்படியே நின்றார். விரலைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். செலோரேப்பை உரித்திருந்தேனே தவிர, பசையைத் துடைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அதில் தூசி பிடித்து, துவாரத்தைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம் கறுப்பாகத் தெரிந்தது.

அவர் லாச்சியைத் திறந்து செலோரேப் எடுத்து, ஒரு துண்டு வெட்டி, அதே சதுரத்தின் மேல் ஒட்டி, நகத்தால் அழுத்தினார். என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

பாடம் தொடங்கியது. முட்டையைப் போட்டார். அது தாழ்ந்தது. ஏதோ கேட்டார். “ஹா, மஅல்லின்!” என்று கத்தினேன். உப்புப் போட்டார், கேட்டார். “ஹா, மஅல்லின்!” அவருடைய குரல் வகுப்புக் குரல், அறைக்குக் கொஞ்சம் பெரிது. நடுவில் ஒருமுறை குரலைத் தாழ்த்தி, குவளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, நீளமாக ஒன்று கேட்டார். நான் அதே சத்தத்தில் “ஹா, மஅல்லின்!” என்றேன்.

தேநீர்த் தட்டோடு வந்த அவருடைய மனைவி வாசலிலேயே நின்றுவிட்டா. “மாஸ்டர்” என்றா, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “துவாரத்தை மூடேக்கை தெரிஞ்சுதானே செய்தனீங்கள் எண்டு கேக்கிறார். நீங்கள் ஓம் எண்டுறியள்.”

அவர் கையை உயர்த்தி அவவைப் பேசாமல் இருக்கச் சொன்னார். றெக்கோடர் ஓடிக்கொண்டிருந்தது. அடர்த்தி வரும் இடத்தில் ரொறன்ரோக்காரரின் சொல்லைச் சொல்லி, முகத்தைச் சுளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். நாலாவது கரண்டி உப்புக்கு முட்டை எழும்பியது. அவர் கேட்டார். நான் சொன்னேன்.

இரண்டு வருடத்தில் அவர் குடும்பத்தோடு மெல்பேணுக்குப் போய்விட்டார். கசெற்றும் அவரோடு போனது. என் உரை அதோடு அழிந்தது. தமிழினத்துக்கு ஒரு நட்டமும் வந்ததாகத் தெரியவில்லை. நாற்பது பிள்ளைகளின் குரல் இருந்த இடத்தில், என்ன கேட்கிறார் என்று தெரியாமலே ஓம் சொல்லும் என் ஒற்றைக் குரல் இருக்கிறது. தெரிந்து சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. ஓம், மஅல்லின். தெரிந்துதான் செய்தேன்.